செத்தாத்தான் கல்லு நடுவீங்களா?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. வந்ததும் வராததுமா ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

உலக நாடுகள் எல்லாம் கூடி நடத்துற பெரிய விளையாட்டுத் திருவிழாவுல, தனி ஆளா நின்னு இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்தது யாரு?

பத்துக்கு ஒன்பது பேர் அபினவ் பிந்த்ரான்னு சொல்லுவீங்க. 2008, பெய்ஜிங், 10 மீட்டர் ஏர் ரைபிள். ஒலிம்பிக்னு மட்டும் கேட்டா அதுதான் சரியான பதில். அவர் சாதனையில ஒரு குண்டுமணி அளவு குறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனா அதுக்கு 36 வருஷம் முன்னாடியே, 1972 ஆகஸ்ட்டுல, ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்துல நடந்த பாராலிம்பிக்ல ஒருத்தர் தங்கம் வாங்கியாச்சு. 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல். 37.33 வினாடி. அவர் பிரிவுல அன்னிக்கு அது உலக சாதனை. பேர் முரளிகாந்த் பெட்கர். மகாராஷ்டிராவுல சாங்லி பக்கத்துக்காரர். இந்திய ராணுவத்துல சிப்பாய்.

இன்னொரு விஷயம். ஒலிம்பிக் நீச்சல்ல இந்தியா இதுவரைக்கும் ஒரு பதக்கம் கூட வாங்கினது கிடையாது. நீச்சல்ல நமக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த மனுஷனுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே கிடையாது. இதை எந்தப் பள்ளிக்கூடத்துலயும் எனக்கு யாரும் சொல்லித் தரலை. உங்களுக்கு?

நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். எங்க பக்கம் நீச்சல்னா கிணறுதான். இடுப்புல சுரைக்குடுக்கையைக் கட்டி, படிக்கட்டுல இருந்து ஒரு தள்ளு. அவ்ளோதான் கோச்சிங். மேல நின்னுக்கிட்டு பெருசுங்க கத்துற ஒரே பாடம், "காலை உதைடா, காலை உதை!" கால் உதைக்கலைன்னா இடுப்பு கீழ இறங்கும், உடம்பு சாய்வா நிக்கும், கை எவ்ளோ போட்டாலும் நகராது. கிணத்துல நீச்சல் பழகின எல்லாருக்கும் இது தெரியும். நெஞ்சுல காத்து இருக்கறதால மேல் பாதி தானா மிதக்கும், கால் பக்கம் கல்லு மாதிரி கீழ இழுக்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. உதைக்கக் காலே வேலை செய்யாத ஒருத்தர், அந்த ரெண்டு காலையும் பின்னால சுமையா இழுத்துக்கிட்டு, வெறும் கை பலத்துல 50 மீட்டரை 37.33 வினாடியில கடக்கிறார்னா அது எப்படிப்பட்ட கை! ஒரு ஒப்பீடு சொல்றேன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ல 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வாங்கினவர் ஹவாய் தீவுக்காரர் டியூக் கஹனாமோகு. அவர் நேரம் 63.4 வினாடி. சராசரியா 50 மீட்டருக்கு 31.7 வினாடி. அந்தக் காலத்து உலகத்தின் தலைசிறந்த நீச்சல்காரர் ரெண்டு கை ரெண்டு காலோட எடுத்த நேரத்துக்கும், நம்ம சிப்பாய் ரெண்டு கையோட எடுத்த நேரத்துக்கும் வித்தியாசம் ஆறு வினாடிக்குள்ள. தூரம் வேற, காலம் வேற, நியாயமான ஒப்பீடு இல்லைதான். ஆனாலும் ஒரு அளவு புரியுதுல்ல?

பெட்கர் முதல்ல நீச்சல்காரரே இல்லை. சின்ன வயசுலயே ராணுவத்துல சேர்ந்து, ஈ.எம்.இ. பிரிவுல வேலை பார்த்த குத்துச்சண்டை வீரர். 1965 பாகிஸ்தான் போர்ல ஒன்பது குண்டு உடம்புல பாய்ஞ்சுது. ஒண்ணு முதுகுத்தண்டுல. கால் ரெண்டும் போச்சு. குத்துச்சண்டையும் அதோட போச்சு. மாசக்கணக்கா ஆஸ்பத்திரிப் படுக்கை. அங்க சிகிச்சைக்காகத் தண்ணியில இறக்கினாங்க. தரையில நம்மோட முழு எடையையும் நாமதான் தாங்கணும். தண்ணியில பெரும்பகுதி எடையைத் தண்ணியே தாங்கிக்கும். நிக்க முடியாதவன் தண்ணிக்குள்ள நகர முடியும். சிகிச்சையா ஆரம்பிச்சது போட்டியா மாறிச்சு. 1968-ல இஸ்ரேல், டெல் அவிவ் போட்டிக்கு டேபிள் டென்னிஸ் ஆடப் போனார். பழைய கிரிக்கெட் ஆட்டக்காரர் விஜய் மர்ச்சன்ட் நடத்தின தொண்டு அமைப்பு செலவுக்கு உதவி செஞ்சுது. நாலு வருஷம் கழிச்சு ஹைடல்பர்க். அங்க நீச்சல் மட்டும் இல்லை, ஈட்டி எறிதல், சக்கர நாற்காலி ஸ்லாலம் ரெண்டுலயும் இறுதிச்சுற்று வரைக்கும் போயிருக்கார்.

சரி, தங்கத்தோட ஊர் திரும்பினார். அப்புறம்?

அப்புறம் ஒண்ணும் இல்லை. அதுதான் இந்தப் பதிவோட மேட்டரே.

1982-ல அர்ஜுனா விருதுக்குக் கேட்டு, கிடைக்கலைன்னு அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். பத்மஸ்ரீ வந்தது 2018-ல, அதாவது 46 வருஷம் கழிச்சு. 2024-ல கபீர் கான் இயக்கி கார்த்திக் ஆர்யன் நடிச்ச 'சந்து சாம்பியன்' இந்திப் படம் வந்தப்புறம்தான் ஊர் உலகத்துக்கு அந்தப் பேரு தெரிஞ்சுது. வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது ஜனவரி 2025-ல குடியரசுத் தலைவர் கையால கிடைச்சுது. தங்கம் வாங்கி 52 வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல ஒரு தலைமுறையே பொறந்து, வளர்ந்து, ரிட்டயர்டும் ஆகலாம்.

எங்க ஊருக்கு இதுல என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்கு. தருமபுரிப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், இது நடுகல் பூமி. அதியமான் ஆண்ட தகடூர். அருங்காட்சியகத்துல வரிசையா நடுகல் வெச்சிருக்காங்க. அங்க இல்லாததும் நிறைய, காட்டோரம், ஏரிக்கரை, வயல் வரப்புன்னு கிடக்குது. சிலதுக்கு இன்னமும் பொங்கல் வெச்சுக் கும்புடறாங்க. மாட்டு மந்தையை எவனோ ஓட்டிக்கிட்டுப் போறான், ஊர்க்காரன் ஒருத்தன் துரத்திப் போய் மீட்டு, அந்தச் சண்டையில சாகுறான். அவன் பேர், எந்த ராஜா காலம், எப்படிச் செத்தான்னு எழுதி, வில்லும் கத்தியுமா உருவம் செதுக்கி நட்டு வெச்சிருக்கான் நம்ம ஆளு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சாதாரண ஆள் ஒருத்தனோட பேர் இன்னிக்கும் இருக்குதுன்னா அந்தக் கல்லாலதான். எனக்கு அதுல ரொம்பப் பெருமை. ராஜாவுக்குக் கோயில் கட்டறது எல்லா ஊர்லயும் உண்டு. மாடு மேய்க்கிறவனுக்குக் கல்லு நட்டது நம்ம ஊரு.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தக் கல்லுங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற சொல்லு 'பட்டான்'. பட்டான்னா செத்தான். கல்லுக்குத் தகுதியே அதுதான். அதே சண்டையில கை போய், கண்ணு போய், ஊருக்கு நொண்டிக்கிட்டுத் திரும்பி வந்தவனும் இருந்திருப்பான் இல்லையா? அவனுக்கு என்ன ஆச்சு? மிச்ச வாழ்நாளை எப்படி ஓட்டினான்? கல்லு எதுவும் சொல்லலை.

அந்தக் குணம் இன்னும் நம்மகிட்ட இருக்குன்னு நினைக்கிறேன். போர்ல இறந்தவரோட உடல் ஊருக்கு வந்தா மொத்த ஊரும் திரளும், மலர்வளையம், மரியாதை, பேனர். தப்பே இல்லை, செய்யணும். ஆனா உடம்புல குண்டோட உயிரோட வந்தவருக்கு? எங்க தெருவுல ஒரு பெரியவர் இருந்தார். பட்டாளத்துக்காரர், ஒரு கால் சரியா ஊன்ற முடியாது. வருஷா வருஷம் நவம்பர் மாசம் ஆனா பென்ஷனுக்காக வாழ்வுச் சான்றிதழ் கொடுக்கப் போகணும். ஒரு தடவை கூட்டிட்டுப் போனேன். எந்த அலுவலகம்னு சொல்ல வேண்டாம். மாடியில இருந்த கவுண்ட்டருக்கு அவரைப் படியேற வெச்சாங்க. மேல போய் மூச்சு வாங்க நின்னவர்கிட்ட, "என்ன தாத்தா, உயிரோட இருக்கறதுக்குப் பேப்பர் கொண்டாந்தீங்களா?"ன்னு ஒரு பையன் சாதாரணமாத்தான் கேட்டான். அவர் சிரிச்சுட்டார். "அதைத்தான் தம்பி நிரூபிக்க முடியலை"ன்னார். எனக்குச் சிரிப்பு வரலை.

சரி, நீச்சல் கதைக்கு வருவோம். பெட்கர் கதையைப் படிக்கும்போது அதுக்கு நேர் எதிரா இருக்கிற இன்னொரு கதையும் கண்ணுல பட்டுது. பெட்கர் சிப்பாயா இருந்து நீச்சல்காரர் ஆனவர். இவர் நீச்சல்காரரா இருந்து சிப்பாய் ஆனவர். ஆஸ்திரேலியாவின் செசில் ஹீலி.

மேல சொன்ன அதே 1912 ஸ்டாக்ஹோம் 100 மீட்டர் போட்டி. அரையிறுதி எப்பன்னு நேரம் குழம்பி, கஹனாமோகுவும் மத்த அமெரிக்க வீரர்களும் வராமப் போயிட்டாங்க. விதிப்படி அவங்க கதை முடிஞ்சுது. ஹீலிக்கு அது லட்டு மாதிரி வாய்ப்பு. உலகத்தோட மிக வேகமான ஆள் போட்டியிலேயே இல்லை, தங்கம் ஏறக்குறைய கைக்கு வந்தாச்சு. ஆனா ஹீலி என்ன பண்ணினார்? அவங்க இல்லாம இந்தப் போட்டிக்கு அர்த்தம் இல்லை, அவங்களுக்கும் வாய்ப்பு கொடுங்கன்னு நின்னார். தனியா ஒரு அரையிறுதி வெச்சாங்க. கஹனாமோகு வந்தார், இறுதியில தங்கம் வாங்கினார். ஹீலிக்கு வெள்ளி. அப்புறம் அதே ஸ்டாக்ஹோம்ல 4x200 மீட்டர் தொடர் நீச்சல்ல ஹீலி இருந்த அணி தங்கம் வாங்கிச்சு, அது வேற கதை.

முதல் உலகப் போர் வந்ததும் 1915-ல ஹீலி ராணுவத்துல சேர்ந்தார். முதல்ல சப்ளை பிரிவு. பாதுகாப்பான வேலை. அதுலயே இருந்திருந்தா ஊர் திரும்பியிருக்கலாம். அப்புறம் அதிகாரிப் பயிற்சி முடிச்சு காலாட்படைக்கு மாறினார். 1918 ஆகஸ்ட் 29, பிரான்ஸ் நாட்டுல சோம் நதிப் பக்கம் நடந்த சண்டையில இறந்துட்டார். போர் முடிய மூணு மாசம் கூட இல்லை. ஒலிம்பிக் தங்கம் வாங்கி, போர்ல உயிர்விட்ட ஒரே ஆஸ்திரேலியர்னு அவரை இன்னிக்கும் அந்த நாடு நினைவு வெச்சிருக்கு.

நம்ம ஊர் பாஷையில சொன்னா ஹீலி 'பட்டான்'. பெட்கர் பிழைச்சார். ரெண்டு பேரையும் நான் தராசுல வைக்க வரலை. ஹீலி செத்ததால மட்டும் பெரிய ஆள் இல்லை. ஸ்டாக்ஹோம்ல தண்ணிக்கு வெளிய நின்னவங்களை உள்ள விடுங்கன்னு கேட்டாரே, அதனாலதான் எனக்கு அவர் பெரிய ஆள். தனக்குப் பதக்கம் போனாலும் பரவால்ல, வரிசையில நிக்க வேண்டியவன் நிக்கணும்னு நினைச்சார். பெட்கருக்கு அர்ஜுனா கமிட்டியில அப்படி ஒரு ஹீலி இல்லை. அவ்ளோதான் வித்தியாசம்.

இதுக்குச் சிலர் சமாதானம் சொல்லுவாங்க. "அந்தக் காலத்துல பாராலிம்பிக்ஸ்னாலே யாருக்கும் தெரியாதுப்பா, டிவி கூட இல்லை." கொஞ்சம் உண்மை இருக்கு. அன்னிக்கு அந்தப் போட்டிக்கு இப்ப இருக்கிற மவுசு கிடையாது. 1972-ல ஒலிம்பிக் நடந்தது ம்யூனிக்ல. அங்க ஒலிம்பிக் கிராமத்தை அடுக்குமாடி வீடாக்கற வேலை இருந்ததால இவங்களை ஹைடல்பர்க்குக்கு அனுப்பிட்டாங்க. அதுவும் ஒலிம்பிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சுது. பத்திரிகைக்காரங்க கண்ணுல படலைன்னா ஆச்சரியம் இல்லை.

ஆனா 1972-ல தெரியலை சரி, 1982-ல கேட்டு வந்தப்பவும் தெரியலையா? 2004-ல ஏதென்ஸ்ல தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறிதல்ல தங்கம் வாங்கினாரே, இந்தியாவுக்கு அடுத்த பாராலிம்பிக் தங்கம் அதுதான். அப்பவாவது "இதுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரே"ன்னு தேடினோமா? தொப்பூர் கணவாயைத் தாண்டினா சேலம் மாவட்டம், அங்க பெரியவடகம்பட்டிப் பையன் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோவுல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவிச்சுது, 2017-லயே பத்மஸ்ரீயும் வந்துது. நாங்க எல்லாம் எங்க வீட்டுப் பையன் ஜெயிச்ச மாதிரி குதிச்சோம். மாரியப்பனுக்குக் கிடைச்சது முழுக்க நியாயம், இன்னும் கூட கொடுக்கலாம். ஆனா 44 வருஷம் முன்னாடி வாங்கினவருக்கு பத்மஸ்ரீ அதுக்கும் அடுத்த வருஷம்தான் வந்துச்சுன்னா, தப்பு எங்கேயோ இருக்குல்ல?

இன்னொரு சமாதானம், "அவர் பட்டாளத்துக்காரர், பென்ஷன் வருதே." பென்ஷன் வேற, மரியாதை வேற. இந்தப் பாராலிம்பிக்ஸ் எப்படி ஆரம்பிச்சுதுன்னு பாருங்க. ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்து வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன். ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தார். அதுவரைக்கும் அப்படிப்பட்டவங்களைப் படுக்கையில போட்டு, எப்ப சாவாங்கன்னு காத்திருக்கறதுதான் வழக்கம். குட்மன் அவங்க கையில வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கின அதே நாள், 16 பேரை வெச்சு ஆஸ்பத்திரிப் புல்வெளியில ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960 ரோம்ல அது உலகப் போட்டியா வளர்ந்துது. அதாவது பாராலிம்பிக்ஸ்ங்கறதே போர்ல பிழைச்சவனுக்காக நட்ட கல்லுதான். உயிரோட இருக்கும்போதே நட்ட கல்லு. அந்தக் கல்லுல இந்தியாவோட முதல் தங்கப் பேரு ஒரு இந்தியச் சிப்பாயோடது. அதைப் படிக்க நமக்கு அரை நூற்றாண்டு ஆச்சு.

குறுக்கே ஒரு தகவல். 1965 போர் நின்னது செப்டம்பர் 23. தருமபுரி தனி மாவட்டம் ஆனது அதே வருஷம் அக்டோபர் 2. பெட்கர் காயத்தோட படுத்திருந்த நாட்கள்லதான் எங்க மாவட்டமே பொறந்துது. அவரோட காத்திருப்பும் எங்க மாவட்டத்தோட வயசும் ஏறக்குறைய ஒண்ணு.

சும்மா புலம்பிட்டுப் போறதுல எனக்கு இஷ்டம் இல்லை. என்ன செய்யலாம்னு தோணுறதைச் சொல்றேன், ஒத்து வந்தா எடுத்துக்குங்க.

ஒண்ணு. டிசம்பர் 7 கொடிநாள். பள்ளிக்கூடத்துல உண்டியல் குலுக்கிச் சட்டையில ஒரு சின்னக் கொடியைக் குத்தி அனுப்புவாங்க. காசு போடறதோட நிறுத்தாம, அந்த ஊர்லயே இருக்கிற முன்னாள் படைவீரர் ஒருத்தரைக் கூப்பிட்டுப் பிள்ளைங்க முன்னாடி உக்கார வெச்சுப் பேசச் சொல்லலாம். சண்டைக் கதை மட்டும் இல்லை, திரும்பி வந்தப்புறம் எப்படி இருந்துதுன்னும். மேடையும் மாலையும் வேண்டாம், கேக்க ஆள் இருந்தாப் போதும். அவரை மாடிக்கு மட்டும் ஏத்தாதீங்க.

ரெண்டு. நீச்சல்குளம் கட்டுறவங்க, ஏற்கனவே இருக்கிற குளத்தைப் பராமரிக்கிறவங்க, ஒரு சாய்தளமும் கைப்பிடியும் வைக்கணும். பெட்கர் மாதிரி ஒருத்தர் இன்னிக்கு நம்ம ஊர்ல நீந்தணும்னு நினைச்சா முதல்ல தண்ணி வரைக்கும் போகணும். வாசப்படியிலயே கதை முடியக்கூடாது. சிகிச்சைக்காகவே தண்ணி தேவைப்படுற எத்தனையோ பேர் வீட்டுக்குள்ளயே கிடக்கறாங்க.

மூணு. பிள்ளைங்களுக்கு நீச்சல் கத்துக் கொடுங்க. எங்க பக்கம் கிணறெல்லாம் வத்தி, இன்னிக்குப் பசங்களுக்குச் சுரைக்குடுக்கைன்னா என்னன்னே தெரியலை. ஒகேனக்கல்ல காவிரியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நீச்சல் தெரியாத தலைமுறை வளருது. இது பதக்கத்துக்கு இல்லை, உயிருக்கு.

நாலு. பாடப் புத்தகத்துல பிந்த்ரா பேர் வர்ற இடத்துல பக்கத்துலயே பெட்கர் பேரும் வரணும். ஒரே ஒரு வரி போதும்.

2021-ல நடந்த டோக்கியோ பாராலிம்பிக்ல இந்தியாவுக்கு 19 பதக்கம், 2024 பாரிஸ்ல 29. இப்ப ஏர்போர்ட்டுக்கே மாலையோட போறோம். ரொம்ப சந்தோஷம். அப்படியே உங்க தெருவுலயும் ஒரு பார்வை பாருங்க. கால் ஊன்ற முடியாத ஒரு பெரியவர் திண்ணையில உக்காந்திருக்கலாம். பதக்கம் வாங்கியிருக்கணும்னு அவசியம் இல்லை. போய், "எந்த ரெஜிமென்ட்டுங்க தாத்தா?"ன்னு கேளுங்க. மிச்சத்தை அவரே சொல்லுவார்.

டிஸ்கி: நடுகல்லைக் குறை சொல்றேன்னு யாரும் சண்டைக்கு வந்துடாதீங்க சாமி. எங்க ஊர்க் கல்லுங்க மேல எனக்கும் பக்தி உண்டு. பிழைச்சவனுக்கும் ஒண்ணு வைங்கன்னுதான் கேக்கறேன் :-)